விளையாட்டும் தொண்டும்

தாம்பரத்தினின்று கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரெயிலில் காலை வேளையில் ஏறிக் கிண்டியில் இறங்கும் எவரும் ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். வண்டியிலுள்ளார் பெரும்பாலோருடைய தலைகள் கவிழ்ந்திருக்கும். கண்கள் கையகத்துள்ள கைப்பேசியிற் பதிந்திருக்கும். ஒருவர் வண்ண வண்ணப் பந்துகளை வெடிக்கச் செய்து மகிழ்வார். மற்றொருவர் முன்பின் அறியாத யாரோ எழுதிய செய்தியை வாசித்து, மெய்யோ பொய்யோ என ஆராயாமலே பத்துப் பேருக்கு அனுப்பி வைப்பார். இதனைக் காணும் முதியோர், காலம் கெட்டதெனப் பெருமூச்செறிவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும், அதே கைப்பேசியைக் கையிற் கொண்டு கிண்டியில் இறங்கி, சர்தார் பட்டேல் சாலையை அடுத்த மரச்செறிவின் ஓரத்திலே கால் மணி நேரம் நின்று, கண்ணிற் பட்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்துவிட்டுத் தம் கலாசாலைக்குச் செல்லும் இளைஞரும் இந்நகரில் உளர். கருவி ஒன்றே, ஒருவனை அது சோம்பேறியாக்குகிறது, மற்றொருவனைத் தொண்டனாக்குகிறது. இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாகிறதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலாபம் கருதாத தொண்டு நிறுவனங்கள் பல இக்காலத்தில் சமூக வலைத்தளங்களையும் விளையாட்டுக்களையும் கருவியாகக் கொண்டு ஜனங்களைப் பொதுப்பணிக்கு அழைக்கின்றன. இது புதுமை போலத் தோன்றினும், இதன் வேர் பழமையானது. நம் பாட்டிமார் ஏகாதசி இரவில் விழித்திருந்து ஆடிய பரமபதத்தை நினைவு கூர்க. அதில் ஏணிகள் நற்குணங்களையும் பாம்புகள் தீக்குணங்களையும் குறிப்பன. 'கோபங் கொள்ளற்க' என்று நூறு முறை உபதேசித்தாலும் மனத்திற் பதியாத ஒன்று, உச்சிப்படியில் நின்ற காய் ஒரே பாம்பினால் அடிமட்டத்திற்குச் சரியும்போது சிறுவன் நெஞ்சில் தானே பதிந்துவிடுகிறது. விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அனுபவத்தைச் சிறிய அளவிலே முன்னதாகக் கொடுத்து வைக்கும் ஓர் ஆசான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1991-ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, எழுத்தறியாத மகளிரிடம் புத்தகத்தை மட்டும் கொண்டு சென்றாரல்லர். பாட்டும் வீதி நாடகமும் முன்னே சென்றன. சைக்கிள் பின்னே வந்தது. பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றனர். எழுத்துக் கற்றலும் வண்டி விடலும் ஒரே கொண்டாட்டமாயின. கூப்பிட்டால் வராதார், கொண்டாட்டம் என்றால் வருவர். வந்தார் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் நிற்பர். இவ்விரண்டும் சேர்ந்ததே அவ்வியக்கத்தின் வெற்றி.

இனிக் கிண்டிக்கு வருவாம். நகரத்தின் நடுவே, ராஜ்பவனையும் தொழிற்கல்வி நிலையங்களையும் அடுத்து, ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்பில் ஒரு முட்காடு இன்றளவும் நிலைத்திருக்கிறது. புள்ளிமானும் வெளிமானும் அங்கு மேய்கின்றன. 1978-இல் இது தேசியப் பூங்காவாயிற்று. இதன் ஓரத்தில், ரோமுலஸ் விட்டேக்கர் என்பாரும் அவர் நண்பரும் 1972-இல் பாம்புப் பண்ணையை ஒரு தருமப் பொறுப்பாட்சியாக நிறுவினர். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. அந்நாளில் பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்லுதலே வழக்கம். தோலுக்காகவும் எண்ணிறந்த பாம்புகள் மடிந்தன. இந்நிலையில், 'பாம்புகளைக் காப்பாற்றுவீர்' என்று துண்டுப் பிரசுரம் அச்சிட்டு வழங்கினால் யார் வாசிப்பர்? பண்ணையார் செய்தது வேறு. பாம்புகளைக் கண்ணாடிக்குப் பின்னும் தாழ்ந்த குழிகளிலும் வைத்துக் காட்டினர். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் உயிரிழப்புக்குப் பெரிதும் காரணமானவை என்பதையும், ஏனையவற்றுட் பெரும்பாலன எலியைத் தின்று உழவனுக்கு உதவுவன என்பதையும் விளக்கினர். வேடிக்கை வாயிலாயிற்று, உண்மை உள்வீடாயிற்று.

அப்பண்ணையைச் சார்ந்தோரே 1970-களின் தொடக்கத்தில் மற்றொரு காரியத்திலும் முன்னின்றனர். பங்குனி ஆமை எனப்படும் கடலாமை, ஆண்டின் முதல் மாதங்களில் நள்ளிரவில் சென்னைக் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைகளளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்கு மீளும். அம்முட்டைகளை நாயும் நரியும் மனிதரும் எடுத்தமையால் அவ்வினம் அருகி வந்தது. விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலியோர் இரவிலே கரையோரமாய் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பிடத்தில் வைத்துப் பொரிக்கச் செய்தனர். பிற்காலத்தில், 1988-இல், சென்னை மாணவர்களே ஒன்றுகூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை ஏற்படுத்தி இப்பணியைத் தம் தோளில் ஏற்றனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தூரம் மணலில் நடக்க வேண்டும். 45 நாள் முதல் 60 நாள் வரை சென்றபின் குஞ்சுகள் வெளிவரும். இயற்கையிற் கடலின் அடிவானமே இரவில் ஒளி மிக்கது. அதனை நோக்கியே குஞ்சுகள் ஊர்ந்து செல்லும். நகரத்தின் மின்விளக்குகள் அவற்றை மயக்கிச் சாலைப் பக்கம் இழுக்கின்றன. ஆதலின் அவற்றைக் கடலளவும் துணை நின்று விடுதல் வேண்டியதாயிற்று.

ஈண்டுக் கவனிக்கத்தக்கது யாதெனில், இவ்வமைப்பு தோன்றிய காலத்தில் கைப்பேசியும் இல்லை, வலைத்தளமும் இல்லை. செய்தி வாய்மொழியாகவே கலாசாலை கலாசாலையாகப் பரவிற்று. வலைத்தளம் வந்த பின்னர் அழைப்பின் வேகம் பெருகிற்று. 'வெள்ளி, சனி இரவுகளில் நடைக்கு வரலாம்' என்னும் ஒரு வரி பல்லாயிரவரை எட்டுகிறது. ஆனால் ஏழு கிலோமீட்டர் ஏழு கிலோமீட்டராகவே இருந்து வருகிறது. அதனைச் செய்தியால் நடக்க இயலாது. காலால்தான் நடக்க வேண்டும். சமூக வலைத்தளம் தொண்டுக்குச் செய்யக்கூடியது எது, செய்யக்கூடாதது எது என்பதை இவ்வோர் உதாரணமே தெளிவாக்கும்.

அடுத்து, விளையாட்டின் ஆற்றலைக் காண்போம். முற்காலத்தில் அமெரிக்க நாட்டில் கிறிஸ்துமஸ் நாளன்று ஒரு கொடிய விளையாட்டு வழங்கி வந்தது. வேட்டையாடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து காடு புகுந்து, கண்ட பறவையையும் விலங்கையும் சுட்டு வீழ்த்துவர். எக்கட்சியின் குவியல் பெரிதோ அக்கட்சி வென்றதாகும். பிராங்க் சாப்மன் என்னும் பறவைநூலறிஞர் இதனைக் கண்டு வருந்தினார். அவர் அவ்வேட்டையைக் கண்டித்துப் பேசியதோடு நின்றாரல்லர்; அதற்கு ஈடாக மற்றொரு விளையாட்டை முன்வைத்தார். சுடுவதற்குப் பதில் எண்ணுங்கள் என்றார். 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் 27 பேர் 25 இடங்களில் பறவைகளை எண்ணினர். அன்று தொடங்கிய அவ்வெண்ணல் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. போட்டி மனப்பான்மையை அழிக்க முயலாமல் அதன் திசையை மாற்றியதே சாப்மன் கண்ட வழி. தொண்டு நிறுவனங்கள் விளையாட்டைக் கையாளும் முறைக்கு இதனினும் சிறந்த பாடம் அரிது.

1998-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் வீட்டுக் கொல்லைப் பறவைகளை எண்ணும் பழக்கத்தைத் தொடங்கின. 2013-இல் அஃது உலகப் பொதுவாயிற்று. இந்தியரும் அவ்வாண்டே அதிற் சேர்ந்தனர். இதன் ஒரு பகுதியாக நம் நாட்டுப் பள்ளி, கலாசாலை வளாகங்களில் மாணவர்கள் தத்தம் வளாகத்துப் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களோ 2015 முதல் பொங்கல் விடுமுறையிலேயே ஓர் எண்ணலை நடத்தி வருகின்றனர். கரும்பும் மஞ்சளும் வீட்டில் நிற்க, கரிச்சானையும் பனங்காடையையும் வயலில் எண்ணுதல் எத்துணைப் பொருத்தமான பொங்கல் விளையாட்டு!

இவ்விளையாட்டின் விதிகள் எளியன. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நிற்க வேண்டும்; கண்ட பறவைகள் அனைத்தையும், அரியது எளியது என்று பாராமல், இத்தனை என்று குறிக்க வேண்டும்; பின் அதனைச் செயலி வாயிலாகப் பதிவிட வேண்டும். பதிந்த கணமே தம் பட்டியல் நீள்வதை ஒருவர் காண்பார். தம் கலாசாலை எத்தனை இனங்களைக் கண்டது, அண்டைக் கலாசாலை எத்தனை கண்டது என்பதும் தெரியவரும். கிண்டிப் பகுதியில் மாங்குயில், செம்போத்து, கொண்டலாத்தி, தேன்சிட்டு, புள்ளி ஆந்தை முதலியவற்றை ஒரு புதியவரும் சில நாளிலே அடையாளங் காணக் கற்கலாம். கற்றவர்க்கு அம்மரங்கள் பின்பு வெறும் நிழலாய்த் தோன்றா; இன்னாரின் வீடு என்று தோன்றும். ஒரு மரத்தை வெட்ட வருங்கால் முதலிற் குரல் கொடுப்பவர், அம்மரத்தில் ஆந்தை இருப்பதை அறிந்தவரே.

இங்ஙனம் விளையாட்டாக எண்ணிய எண்கள் என்னவாயின? 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, ஏறத்தாழ 30,000 ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக் குறிப்புக்களை ஆதாரமாகக் கொண்டு 942 இனங்களின் நிலையை ஆராய்ந்தது. அவற்றுள் 178 இனங்களுக்கு உடனடிப் பாதுகாப்பு வேண்டுமெனக் கூறிற்று. இத்துணைப் பெரிய வேலையைச் சம்பளம் பெறும் ஊழியரைக் கொண்டு செய்யப் புகுந்தால் எந்நாட்டுப் பொக்கிஷமும் தாங்காது. ஊர் கூடித் தேர் இழுத்தது. வடத்தைப் பிடித்தவர்களுட் பலர் மாணவர்.

எண்ணிக்கையின் வலிமையைச் சென்னைக் கடற்கரையே 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் துயரத்தோடு உணர்த்திற்று. அவ்வாண்டு ஜனவரி மாதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் உயிரற்ற உடலாய்ச் சென்னையையும் அதனையடுத்த கரைகளையும் வந்தடைந்தன. கடலாமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை மடியில் அகப்பட்டு நெடுநேரம் நீருள் இருப்பின் மூச்சுத் திணறி மடியும். கரையினின்று 5 கடல்மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடித்தல் கூடாதென்பது தமிழ்நாட்டு விதி. அவ்விதி காக்கப்படவில்லை என்ற ஐயம் பலமாயிற்று. கரையில் நடந்த தன்னார்வலர்கள் இறந்த ஆமைகளை எண்ணினர், படங்கள் வலைத்தளங்களிற் பரவின, செய்தித்தாள்கள் எழுதின, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆராய்க: படம் மட்டும் பரவியிருப்பின் இரண்டு நாள் இரக்கம் பிறந்து மறைந்திருக்கும். எண்ணிக்கை மட்டும் இருந்திருப்பின் ஏட்டில் உறங்கியிருக்கும். இரவுதோறும் நடந்த கால்கள் எண்ணைத் தந்தன. வலைத்தளம் அவ்வெண்ணுக்குக் குரல் தந்தது. ஒன்றன்றி மற்றொன்று பயன்படாது.

இதே உண்மையைக் கொடைக்கானல் வரலாறும் காட்டும். அம்மலையில் 1983 முதல் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பழம்பொருட் கிடங்கொன்றிற் கண்டெடுக்கப்பட்டமையால், 2001-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கு வேலை செய்து உடல்நலம் இழந்தோம் என்று முறையிட்ட தொழிலாளர், நஷ்டஈடு கோரிப் பல்லாண்டு போராடினர். 2015-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், சென்னையைச் சார்ந்த சோபியா அஷ்ரப் என்னும் பெண்மணி, உலகெங்கும் அறிந்த ஒரு மேனாட்டு மெட்டிற்கு இவ்வழக்கைப் பாட்டாக அமைத்துக் காணொளியாக வெளியிட்டார். ஜட்கா என்னும் தொண்டு நிறுவனம் அதனோடு ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்துப் பரப்பிற்று. சின்னாட்களில் பல லட்சம் பேர் அதனைக் கண்டனர். 2016 மார்ச்சு மாதத்தில் 591 முன்னாள் தொழிலாளருக்கும் கம்பெனிக்குமிடையே உடன்பாடு ஏற்பட்டது. 'பாட்டொன்று கம்பெனியைப் பணிய வைத்தது' என்று பலர் வியந்தனர். அது முழு உண்மையன்று. பதினைந்து ஆண்டுகளாகச் சங்கம் கூட்டி, மருத்துவச் சான்று திரட்டி, நீதிமன்றப் படியேறிய தொழிலாளர் விறகு அடுக்கி வைத்திருந்தனர், பாட்டு நெருப்பிட்டது. விறகில்லாத இடத்தில் நெருப்பிட்டால் கை சுடுமேயன்றிச் சோறு வேகாது.

2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி இயற்றிய புறம்போக்குப் பாடலும் இவ்வகையினதே. எண்ணூர்க் கழிமுகத்திலேயே படம்பிடிக்கப்பட்ட அப்பாட்டு, ஒரு சொல்லை மீட்டெடுக்க முயன்றது. புறம்போக்கு என்பது யார்க்கும் தனியுடைமையாகாத பொதுநிலம். ஏரியும் மேய்ச்சலும் கழியும் அதனுள் அடங்கும். சென்னைப் பேச்சில் அச்சொல் வசையாகி இழிந்தது. சொல் இழிந்தால் பொருளும் இழியும். வசையாகிய நிலத்தில் சாம்பலைக் கொட்ட யாரும் நாணார். அச்சொல்லின் பழம்பொருளைப் பல்லாயிரவர் காதில் ஒரே வாரத்தில் சேர்ப்பித்தல் முற்காலத்தில் எப்புலவர்க்கும் இயலாத காரியம்.

இனி, கதை வடிவான விளையாட்டுக்களும் உள. 2005-ஆம் ஆண்டு உலக எய்ட்ஸ் தினத்தன்று, டில்லியிலுள்ள ஒரு நிறுவனத்தார் கைப்பேசியில் ஆடத்தக்க நான்கு சிறு விளையாட்டுக்களை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று கிரிக்கெட் ஆட்டம். வாய்விட்டுப் பேச வெட்கப்பட்ட நோயின் காரணத்தையும் காப்பையும் இளைஞர் தனிமையில் ஆடியே அறிந்துகொள்ள அது வழி செய்தது. கல்கத்தாவிலே லீனா கெஜ்ரிவால் என்னும் ஓவியக் கலைஞர், கடத்தி விற்கப்படும் சிறுமியரின் துயரை உணர்த்த 2016-இல் ஒரு விளையாட்டை வெளியிட்டார். அதனை ஆடுவோர் அச்சிறுமியின் நிலையில் தம்மை வைத்துத் தப்பும் வழி தேட வேண்டும். எவ்வாசலைத் திறப்பினும் அபாயம் எதிர்ப்படுகையில், 'அவள் ஏன் ஓடிவரவில்லை?' என்று எளிதாகக் கேட்ட நாவு தானே அடங்கும். பிறர் துயரைக் கேட்டல் வேறு. பிறர் நிலையில் நின்று பார்த்தல் வேறு. பின்னதை விளையாட்டு எளிதிற் செய்விக்கும்.

இதுகாறும் நன்மை கூறினோம்; குறையையும் மறையாது கூறுதல் முறை. சூடான் நாட்டுத் தார்பூர்ப் பகுதி மக்களின் துயர் துடைக்க முகநூலில் ஒரு குழு தோன்றிற்று. அதிற் சேர்ந்தோர் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்தம் செய்கையை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மருக்கு மேல் ஒரு காசும் ஈயவில்லை என்றும், பெரும்பாலோர் மற்றொருவரைக் கூட அழைத்துவரவில்லை என்றும் காட்டிற்று. பெயரைப் பதிந்தனர், கடமை தீர்ந்ததென அமைந்தனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் ஒன்று கண்டனர்: பலர் காண அடையாள ஆதரவைக் காட்டியவர்கள், பின்பு உண்மையான உதவி கேட்கப்பட்டபோது, தனிமையில் ஆதரவு தெரிவித்தவர்களைவிடக் குறைவாகவே உதவினர். நல்லவனென்று பிறர் எண்ணிவிட்டால் நல்லது செய்யும் விருப்பம் தணிந்துவிடுகிறது போலும்! வலது கை செய்வதை இடது கை அறியாதிருத்தல் நலம் என்னும் பழைய போதனைக்கு இஃதோர் இக்காலச் சான்றாகும்.

இரண்டாவது குறை பொய். 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை, கிண்டி, கோட்டூர்புரம் பகுதிகளிற் புகுந்தபோது, வலைத்தளங்கள் செய்த நன்மை சொல்லிமுடியாது. நீர் சூழ்ந்த சாலைகளைப் பொதுமக்களே குறித்த வரைபடம் ஒன்றில் 2,000-க்கு மேற்பட்ட சாலைகள் இடம்பெற்றன. படகு எங்கே, பால் எங்கே, இடந்தருவார் யாவர் என்பதை இளைஞர்கள் இரவு பகலாகத் தொகுத்தனர். அதே நாட்களில், வடநெம்மேலி முதலைப் பண்ணையினின்று முதலைகள் தப்பி வெள்ளத்தில் உலவுகின்றன என்று ஒரு வதந்தி அதே வலைத்தளங்களிற் பரவிற்று. ஒரு முதலையும் தப்பவில்லை எனப் பண்ணையார் அறிவிக்க நேர்ந்தது. இருண்ட வீட்டில் மார்பளவு நீரில் நின்ற ஒரு தாய்க்கு அச்செய்தி என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க. பொய்யை அனுப்பியவரும் உதவி செய்வதாகவே நினைத்து அனுப்பினார் என்பதே இதில் அஞ்சத்தக்கது.

மூன்றாவது குறை விளையாட்டினுள்ளேயே மறைந்திருப்பது. புள்ளி மிகுதியில் மனம் சென்றால் பொருள் மறந்துபோம். அரிய பறவையைப் பட்டியலிற் சேர்க்கும் ஆசையால் கூட்டை நெருங்கிப் படமெடுப்போரும், காணாததைக் கண்டதாக எழுதுவோரும் எவ்விடத்தும் உளராவர். இதனை முன்னறிந்தே, பறவை எண்ணலை நடத்துவோர் வழக்கத்துக்கு மாறான பதிவுகளைத் தேர்ந்தவர் ஆராய்ந்து ஏற்குமாறும், அபாயத்திலுள்ள சில இனங்களின் இடம் பொதுவிற் புலப்படாதவாறும் ஏற்பாடு செய்திருக்கின்றனர். காவலில்லாத விளையாட்டு, சாப்மன் ஒழிக்க நினைத்த பழைய வேட்டையாகவே திரும்பிவிடும். துப்பாக்கிக்குப் பதில் காமிரா என்பதே வேற்றுமையாகும்.

ஆகவே, மாணவ நண்பர்காள், ஒரு தொண்டுச் செய்தியோ விளையாட்டோ உங்கள் கைப்பேசிக்கு வருங்கால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: இஃது என்னை ஓர் இடத்துக்கு, ஒரு நாளில், ஒரு செயலுக்கு அழைக்கிறதா, அன்றிப் பெருமூச்சோடு நிற்கிறதா? இரண்டாவது: இதிற் கூறியது மெய்யென்று அறிந்து சொல்லும் பொறுப்புடையார் யார்? மூன்றாவது: ஆட்டம் முடிந்த மறுநாளும், மறு ஆண்டும் என்னோடு சேர்ந்து அப்பணியைச் செய்யத் தோழர் உளரா? இம்மூன்றுக்கும் விடை கிடைப்பின் தயங்காது சேர்க. கிடையாவிடின், அதனைப் பிறருக்கு அனுப்பாது நிறுத்துதலும் ஒரு தொண்டே.

மூன்றாம் கேள்வியே மூன்றனுள் தலையாயது என்பது எம் கருத்து. கிண்டிப் பாம்புப் பண்ணையும், 1988-இல் மாணவர் தொடங்கிய ஆமை நடையும் இத்தனை ஆண்டு நிலைத்தமைக்குக் காரணம் அவற்றின் கவர்ச்சி மட்டுமன்று. கவர்ச்சியால் வந்தவர் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, 'அடுத்த வாரமும் வருக' என்று சொல்ல அங்கே ஓர் அண்ணனோ அக்காளோ இருந்தனர். அவர் கையிலிருந்து பெற்ற கூடையை மறுதலைமுறைக்குக் கொடுத்தவரும் மாணவரே. இக்கலாசாலையிற் பயின்று சென்ற பழைய மாணவர்கள், அந்த அண்ணனும் அக்காளுமாய் இருக்கும் தகுதி தமக்குண்டு என்பதை நினைவு கொள்வாராக. ஆசிரியர்களோ, கைப்பேசியைப் பிடுங்குவதினும் அதனைக் கையிலேந்தித் தம்மோடு மரத்தடிக்கு வருமாறு மாணவரை அழைத்தல் மேலெனக் கருதுவாராக.

பிப்ரவரி மாதத்தில் நம் வளாகத்து மரங்களின் கீழ்க் கால் மணி நேரம் நின்று எண்ணுவோம். அதற்கு முன் ஜனவரியிலோ, பின் மார்ச்சிலோ, ஓரிரவேனும் நீலாங்கரை மணலில் நடப்போம். குஞ்சாமையொன்று அலையைத் தொடும் கணத்தில், கைப்பேசியைப் பையில் இட்டுவிட்டு அதனை வெறுங்கண்ணாற் காண்பீராக. அழைத்து வந்த கருவியின் வேலை அவ்விடத்தே முடிந்தது. நம் வேலை அவ்விடத்தே தொடங்குகிறது.